பத்துமணிக்காரர்

அடி அண்ணாமலையில் பத்துமணிக்காரரிடம் திட்டு வாங்காத மனிதர் கிடையாது. கிரிவலம் வந்த சாமியார்களும் இதில் அடக்கம்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். என் பக்கத்து வீடு. வாசலில் துருத்திக்கொண்டிருந்த பாறையை எல்லோரையும் போல உடைத்தெறியாமல், சுற்றிலும் கல் அடுக்கி, இடுக்கெல்லாம் பத்துமணிப்பூச் செடி வைத்தார். தரையோடு தரையாகப் படரும் செடி. வெயில் ஏறி, பத்து மணி வாக்கில்தான் பூ விரியும். அதுவரை அவருக்கு உலகமே கிடையாது. பத்திரிகை வைக்க வந்த சொந்த மச்சானையே, பூ விரியட்டும் என்று தெருவில் நிற்க வைத்தவர்.

செடிப்பக்கம் யார் கால் வைத்தாலும் பழைய கண்டக்டர் விசில் அலறும். ஒரு பௌர்ணமியன்று காலையில், பூத்துக் கிடந்த பாறையை ஏதோ சாமி என்று நினைத்த கூட்டம் ஒன்று குங்குமம் பூசி, கற்பூரம் கொளுத்தி, பாதிச் செடியைக் கருக்கிவிட்டது.

"இங்க ஸ்டாப்பிங் கிடையாது. முன்னாடி போங்க" என்று விரட்டினார். அதையும் அருள்வாக்காக எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டபடி போனார்கள்.

போன வருடம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். சென்னையில் மகன் வீட்டில் அவர் படுத்திருந்தபோது, மகன் மட்டும் இங்கே வந்து பொக்லைன் விட்டுப் பாறையைப் பெயர்த்து, டைல்ஸ் ஒட்டிவிட்டான். ஜூஸ் கடைக்கு வாடகைக்கு விடுவதாக ஏற்பாடு.

கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இனிமே தண்ணி ஊத்தற வேலை உனக்கு இல்லப்பா" என்றான் மகன், பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி.

"இத பாக்கத்தான் எனக்குக் கண்ணு குடுத்தியா?"

அதற்குப் பிறகு அவர் யாரையும் திட்டவில்லை. நான்தான் மண் குவியலில் கிடந்த தண்டுகளைப் பொறுக்கி, நாலு கல்லையும் உருட்டி வந்து, என் வீட்டுச் சுவரோரம் நட்டேன். துளிர்த்ததும் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன்.

"நீயே வச்சிக்க. இங்க வச்சா மறுபடி பேத்துடுவான்."

அடுத்த மாதமே மகன் அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போய்விட்டான். ஐந்தாவது மாடி, பால்கனியும் இல்லையாம்.

ஞாயிறுதோறும் அங்கிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "விரிஞ்சிதா?" அவ்வளவுதான். மழை மூட்டமாக இருந்தால் அந்தப் பூ விரியாது. எனக்கு அதைச் சொன்னவரே அவர்தான். சில ஞாயிறுகளில் கொட்டுகிற மழைச் சத்தம் போனில் அவருக்கும் கேட்கும். ஆனாலும் "விரிஞ்சிடுச்சுங்க" என்கிறேன். அவரும் "சரி" என்று வைத்துவிடுகிறார்.