வெள்ளைக்கொடியை அவிழ்த்துவிடவும்

மேமலை டிவிசன்,
யட்டியாந்தோட்டை.
திங்கட்கிழமை காலை.

என்றும் மதிப்புக்குரிய மச்சான் நடராஜா அவர்களுக்கு, உங்கள் தங்கை மங்கையர்க்கரசியின் புருஷன் அழகமுத்து வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். கடிதத்தில் இந்த வரியை யாரும் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தத் தடவை மட்டும் தயவுசெய்து நின்று நிதானமாக வாசிக்கவும். நான் நலம். உயிரோடு இருக்கிறேன். காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டேன், உறைப்பு கூடிப்போய் இன்னும் நாக்கு எரிகிறது. ஆகவே என் சாவுக்கென்று கடை வாசலில் கட்டியிருக்கும் வெள்ளைக்கொடியை அவிழ்த்துவிடவும். வேனுக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடவும். மகன் யோகராஜ் டோஹாவிலிருந்து வந்த பிறகுதான் எடுப்பார்கள் என்று நம் லயத்து இருளாயி உங்களுக்குப் போனில் சொன்னாளாம். எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நேற்று நானே போன் போட்டேன். உங்கள் வீட்டு அக்காதான் எடுத்தார்கள். நான் அழகமுத்து பேசுறேங்கக்கா என்றேன். அக்கா ஒரு மாதிரி சத்தம் போட்டார்கள், அதன் பிறகு போன் ஏதோ மெத்தென்ற சாமானில் விழுந்த சத்தம் கேட்டது. அது அரிசி மூட்டை என்றும், அக்காவுக்கு எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தார்கள் என்றும், இன்று காலை கேகாலை பஸ் கண்டக்டர் செல்லையா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளைக்கொடியைப் பார்த்ததும் அவர்தான். மங்கை பேசினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் மங்கை நேற்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை, அந்தக் கதை பின்னால் வரும். என் கையெழுத்தைப் பார்த்தாலாவது நம்பிக்கை வரும் என்றுதான் இதை எழுதிச் செல்லையா கையில் கொடுக்கப்போகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது, இஞ்சின் இல்லாத பிளேன் எப்படிப் பறக்கும் என்று கேட்டுச் சிரித்தீர்கள் அல்லவா, எல்லாம் அதிலிருந்து வந்த வினைதான். பென்சன் எடுத்த பிறகு நான் வீட்டுக்குள்ளேயே வேலைக்கு ஆள் பிரிக்கிற மாதிரி பெரட்டுக் கூப்பிட்டுக்கொண்டு திரிகிறேன் என்று மங்கை புகார் சொன்னதால், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று யோகராஜ் அனுப்பிய சாமான் அது. பாரமே இல்லாத ரெஜிபோம் அட்டையில் செய்த விளையாட்டுப் பிளேன், கையில் ஒரு ரிமோட், அவ்வளவுதான். பள்ளத்தாக்கிலிருந்து வரும் காற்று மலையில் மோதி, போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. அந்தக் காற்றின் மேல் பிளேன் உட்கார்ந்துகொள்கிறது. நம் தேயிலைக்கு மேலே இருக்கும் பத்தனை, மரமில்லாத புல்வெளி என்பதால் இதற்கென்றே செய்து வைத்த இடம். மச்சான், கணக்கப்பிள்ளையாக இருந்த காலம் முழுக்க நான் அந்த மலையைக் குனிந்தே பார்த்தவன். எந்த நிரையில் கொழுந்து முற்றிவிட்டது, எந்தத் தண்ணீர்க் கான் அடைத்துவிட்டது, இதுதான் கண்ணில் படும். முதல் நாள் பிளேனைக் கையிலிருந்து விட்டு அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோசத்தில்தான்.

நான் ஒருவன் மட்டும் விட்டிருந்தால் ஒரு கரச்சலும் இல்லை. இரத்தினபுரி மாணிக்க வியாபாரி ஜஸீல் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் ஒரு பிளேனைக் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் விஜயகலா டீச்சர் தானே ஒன்றை வெட்டி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். இவ்வளவு பெரிய வானத்தில் மூன்று பிளேனுக்கு இடமில்லையா என்று கேட்பீர்கள். இல்லை மச்சான். தூக்கும் காற்று இருப்பது மலை முகத்தோடு ஒட்டின ஒரு கீற்றில்தான், தேயிலை நிரைக்கு நடுவே போகும் பாதை மாதிரி. மூவரும் அதிலேதான் போக வேண்டும், அதிலேதான் வர வேண்டும். அதற்கென்று முறை இருக்கிறது என்று ஜஸீல் சொன்னார். நேருக்கு நேர் வந்தால் மலை யாருக்கு வலது கைப்பக்கம் இருக்கிறதோ அவர் நேரே போவார், மற்றவர் வெளியே விலக வேண்டும். திரும்பும்போது மலையைப் பார்த்துத் திரும்பவே கூடாது. இறங்குவதற்கு முன்னால் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் பத்தனையில் அடிக்கிற காற்றில் பக்கத்தில் நிற்பவர் இருமினால்கூடக் கேட்காது. அப்படித்தான் ஒரு ஞாயிறு, ஜஸீல் இறங்குகிறேன் என்று கத்தியது காற்றோடு போய், அவருடைய பிளேன் என்னுடையதை இடித்தது. என் பிளேன் கீழே லீவு நாளில் கிலோக் கணக்கில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இருளாயியின் கூடைக்குள் போய் விழுந்தது. முதுகில் கிடந்த கூடையை அவள் திரும்பியா பார்ப்பாள்? அப்படியே நிறுவைக்குக் கொண்டுபோய்விட்டாள். நிறுக்கிறவர் கொழுந்தைக் கிளறினால் உள்ளே இறக்கை. உடனே பிளேனின் பாரத்தை அவள் கணக்கில் கழித்துவிட்டார்.

இருளாயி நேரே தோட்டத்துத் துரையிடம் போனாள். தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவளுடைய புகாரில் கிடையாது, பாரத்தைக் கழித்ததுதான் புகார். ஆனால் துரைக்கு முதலாவது விசயம்தான் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டார். "கணக்கப்பிள்ளை, வர்ற இரிதாவுக்கு நானே வந்து பாக்குறேன். மூணு பேரும் ஒழுங்கா ஏத்தி ஒழுங்கா எறக்கிக் காட்டணும். சின்னக் கரச்சல் வந்தாலும் பத்தனை குளோஸ்." ஞாயிறு வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தனை இல்லையென்றால் நான் திரும்ப வாசலில் உட்கார்ந்து யார் எப்போது வேலைக்குப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உங்கள் தங்கையோ, பத்தனையை மூடினால் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைப்பதாக என் காதுபடவே நேர்ந்துகொண்டாள். அந்த வெளங்காத பொம்மையை அடுப்பில் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மனுசன் குரல் காற்றில் எடுபடாது. ஆனால் தப்பு மேளத்தின் சத்தம்? நாலு மலைக்குக் கேட்கும். நம் சுமனைப் பிடித்தேன். கல்யாணம், திருவிழா, கருமாதி எதுவானாலும் அவன் தப்பு இல்லாமல் நம் தோட்டத்தில் நடக்காது. பிளேன் ஏறும்போது துள்ளலாகக் கல்யாண அடி, இறங்கும்போது மெதுவாக, கனமாக, விட்டு விட்டு ஒரு அடி என்று ஏற்பாடு. இறங்கும் அடி கேட்டால் எல்லோரும் குந்திவிட வேண்டும், அடி நிற்கும் வரை யாரும் எழும்பக் கூடாது. எனக்கு முழங்கால் மடங்காது என்பதால் நான் படுத்துவிடுவேன். சுமன் தலையைச் சொறிந்தான். "ஐயா, அந்த மாதிரி அடி எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. அத நாங்க வேற விசயத்துக்கு அடிக்கிறதுங்க." விஜயகலா டீச்சரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இறங்குவது எல்லாம் ஒன்றுதான், நான் சொன்னதைச் செய் என்று பெரட்டுக்களத்தில் பேசுவது போல் பேசி இருவர் வாயையும் அடைத்துவிட்டேன். மச்சான், இதற்கு மேல் என்னைத் திட்ட வேண்டாம். டீச்சர் திட்டி முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை துரை ஜீப்பில் வந்தார். சுமன் கல்யாண அடி அடித்தான், மூன்று பிளேனும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. அப்படி ஒரு அழகை நீங்கள் பார்க்கவில்லையே. ஒன்று வர ஒன்று விலக, மலைக்கு முதுகைக் காட்டித் திரும்ப, துரை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறக்கம். முதலில் என் பிளேன். சுமன் மெதுவாக, கனமாக அடித்தான், பிளேன் பூப்போல இறங்கியது. அடுத்தது டீச்சருடையது. திரும்ப அதே அடி. முறைப்படி துரையே ஜீப்புக்குப் பக்கத்தில் குந்தினார், நான் வெள்ளைச் சட்டையோடு புல்லில் மல்லாந்து படுத்தேன். மூன்றாவதாக ஜஸீல். அன்றைக்குப் பார்த்துக் காற்று பலம், அவருடைய பிளேன் இறங்க மறுத்தது. சுமனும் அடியை நிறுத்தவில்லை. இப்போது கீழே லயத்து வீடுகளிலிருந்து பாருங்கள். மலை உச்சியில் சாவு அடி விடாமல் கேட்கிறது. அண்ணாந்து பார்த்தால் நின்றுகொண்டிருந்த கணக்கப்பிள்ளை படுத்துவிட்டார். இருளாயி உங்களுக்குப் போன் போட்டது அப்போதுதான். அவள்மேல் குற்றமில்லை, அவள் இடத்தில் நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

லயமே குறுக்குப் பாதையில் ஏறி வந்தது. சுமன் அதையாவது பார்த்து நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஆட்கள் அழுதுகொண்டு வருவதைக் கண்டதும் அவனுக்குத் தொழில் பழக்கம், இன்னும் உருக்கமாக அடிக்க ஆரம்பித்துவிட்டான். அடி நிற்கும் வரை எழும்பக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். துரை பார்த்துக்கொண்டிருக்கிறார். நானே அதை மீறினால் பத்தனை போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். முன்னால் வந்தது மங்கை. தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள் மச்சான். "வானத்த ஆண்டவரே, என் வாசலுக்கு வந்தவரே, பொம்மன்னு சொன்னேனே, பொல்லாத வாயெனக்கு, தொடச்சு நான் தாரேனே, தூக்கிவிட வாங்களேன்" என்று பாடினாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என்னை நேரத்துக்குச் சாப்பிட வராதவர் என்றே கூப்பிட்டவள். எனக்குள் இவ்வளவு நல்ல குணம் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். உண்மையைச் சொல்கிறேன், பாதிப் பாட்டில் சட்டத்தை மறந்துவிட்டேன். பாட்டுக்காகத்தான் கிடந்தேன். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

அந்த நேரம் காற்று சட்டென்று விழுந்துவிட்டது. ஜஸீலின் பிளேன் பாரமானது, வேகமானது, இனி இறங்கியே ஆக வேண்டும். இறங்கும் இடத்தில் தோட்டமே நிற்கிறது. விலகுங்க விலகுங்க என்று டீச்சர் தொண்டை கிழியக் கத்தினார். செத்த வீட்டிலிருந்து யார் விலகுவார்கள்? ஜஸீல் என்னைப் பார்த்துக் கத்தினார். "ஐயா, பிளேன் வருது. நீங்க எந்திரிச்சாத்தான் இவங்க போவாங்க." நான் எழுந்து உட்கார்ந்தேன்.

மச்சான், பெரட்டுக்களத்தில் எத்தனையோ தடவை ஆட்களைக் கலைத்திருக்கிறேன், இப்படிக் கலைந்து பார்த்ததில்லை. சுமன் தப்பைப் போட்டுவிட்டு ஓடினான். ஓடாதது ஒரே ஆள்தான். மங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தோளோடு இழுத்துப் புல்லில் சாய்த்தேன், பிளேன் எங்கள் தலைக்கு மேலே போய் வெறும் தரையில் சுத்தமாக இறங்கியது. "எவ்வளவு நேரமா முழிச்சிருந்தீங்க?" என்றாள். இப்பத்தான் என்றேன். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஈரம். அதோடு எழுந்து போனவள்தான், இன்னும் வாயைத் திறக்கவில்லை. கோபமா வெட்கமா என்று உங்களுக்குத்தான் தெரியும், அண்ணன்காரர்.

துரை எழுந்து காற்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். இறங்கும் இடத்தை இவ்வளவு சீக்கிரம் காலி பண்ணி எங்கும் பார்த்ததில்லை என்றார். "ஹரி, எல்லாம் சரி, பத்தனை ஒங்களுக்குத்தான். ஆனா தப்பு வேணாம். கொடி கட்டுங்க." காப்பாற்றினாள் மாரியாத்தா. கொடியிலும் நான் வலு கவனமாக இருந்தேன். சிவப்பு கட்டினால் ஒரு கட்சி, பச்சை கட்டினால் இன்னொரு கட்சி, நீலம் கட்டினால் வேறொரு கட்சி என்பார்கள். யாருக்கும் கரச்சல் இல்லாத நிறம் வெள்ளைதான் என்று முடிவு செய்து, இன்று விடியற்காலையிலேயே ரோட்டிலிருந்து பத்தனை வரைக்கும் வரிசையாகக் கட்டச் சொல்லிவிட்டேன். டீச்சர் ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஆகவே எல்லாம் சுபமாக முடிந்தது. நீங்கள் வீணாகப் புறப்பட்டு வந்து அலைய வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கத்தையும், நான் நானேதான் என்பதையும் சொல்லவும். உங்கள் கடையும் குடும்பமும் மாரியம்மன் புண்ணியத்தில் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் தங்கையின் புருஷனாகவே இருக்கும்
அழகமுத்து

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நிற்கிறது. இரத்தினபுரிச் சித்தப்பா வீட்டார். இருளாயி அவர்களுக்கும் போன் போட்டிருக்கிறாள். அது பொய்ச் செய்தி என்று பாதி வழியில் யாரோ சொல்லித் திரும்பப் பார்த்தார்களாம், ஆனால் ரோட்டிலிருந்து மலை வரை வெள்ளைக்கொடியைக் கண்டதும் அழுதுகொண்டே ஏறி வந்துவிட்டார்கள். மங்கை நான் உயிரோடு இருப்பதைச் சொல்லத்தான் வெளியே போனாள். ஆனால் வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழும்போது சும்மா நிற்பது மரியாதை இல்லையே, அவளும் ஆரம்பித்துவிட்டாள். நேற்றுப் பாடாத அடிகளாக வருகிறது. நான் கதவுக்குப் பின்னால் நின்று எழுதுகிறேன், பாட்டு முடிந்த பிறகுதான் வெளியே போவேன். எல்லோருக்கும் உலை வைத்தாகிவிட்டது, நீங்களும் அக்காவும் வேனிலேயே வந்துவிடுங்கள். வெள்ளைக்கொடியை அவிழ்க்க அவசரப்பட வேண்டாம்.