ஏர்கோன் அங்கிளும் எங்கள் சதுப்பு நிலமும்

நண்டுக்கும் நாரைக்கும் பரிந்து பேசி ஒரு குடியிருப்பையே வியர்க்க வைத்த மனிதர் கிள்ளான் நகரத்திலேயே ஒருவர்தான். வீடு வீடாக ஏசி கழுவுபவர். பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் ஏர்கோன் அங்கிள்.

எங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம். பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள், சேறு, நாரைகள், போதாக்குறைக்கு நாங்கள் கொண்டுபோய்ப் போட்ட பழைய மெத்தைகள். அதில் மண்ணைக் கொட்டிக் கார் நிறுத்துமிடம் ஆக்கலாமா என்று எங்களிடமே கேட்க ஓர் அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. எல்லாருக்கும் ஒரே குஷி. எதிர்வீட்டுப் பரமேஸ் ஆன்டி, தன் கார் எந்த மூலையில் நிற்கும் என்றுகூட முடிவு செய்துவிட்டார். அங்கிள் மட்டும் கூடவே கூடாது என்றார்.

அன்றிலிருந்து ஒரு புது வழக்கம். ஏர்கோன் கழுவ வந்தால் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏணி உச்சியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

“ஞாயித்துக்கெழம பாக்காவ் கன்னு நட வரீங்களா தம்பி?”

“மொதல்ல மூடிய மாட்டுங்க அங்கிள், வேர்க்குது லா!”

“சேத்த மூடிட்டா நண்டு எங்க போவும்? அத யோசிச்சீங்களா?”

நண்டைப் பற்றி யோசிக்கும் நிலையிலா இருந்தேன்? வருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். பரமேஸ் ஆன்டியும் இப்படித்தான் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தாமானே திரண்டது. புதுக் கன்றுகளை எடுத்துவர அங்கிள் வேனில் போனார். கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டுப்பணி, என்று நாலு பேர் கூடினால் எங்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: புல் வெட்டுவது. இறங்கி வெட்டினோம். பரமேஸ் ஆன்டி பாராங்கத்தியோடு முன்னால் நின்றார். அங்கிள் திரும்பி வந்தபோது இடம் மொட்டை. அவர் தனியாளாக நட்டு வளர்த்திருந்த பாக்காவ் கன்றுகள் எல்லாம் எங்கள் குப்பைப் பைகளில் கிடந்தன.

திட்டியிருந்தால் தேவலை. மனிதர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

“ஐயோ, புல்லுன்னு நெனச்சிட்டேன் அண்ணே!” பரமேஸ் ஆன்டி கத்தியை வீசிவிட்டுச் சேற்றில் இறங்கினார். “எங்க நடணும்? சொல்லுங்க.”

பின்னாலேயே நாங்களும் இறங்கினோம். சாயங்காலம் வரை முழங்கால் சேற்றில் நின்று நட்டோம். ஆன்டியின் ஒரு செருப்பு போனது போனதுதான்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். நம்மவர்தான், தமிழர். கார் நிறுத்துமிடம் வேண்டுமா என்று அவர் கேட்டு முடிக்கவில்லை.

“நாங்க நட்ட கன்னு நிக்கிது சார் அங்க! ஒரு லோரி மண்ணு வரட்டும், நானே குறுக்க படுத்துக்குறேன்!” என்றார் பரமேஸ் ஆன்டி. மறுத்துப் பேச ஆள் இல்லை. சதுப்பு நிலம் பிழைத்தது.

அங்கிளுக்கு இப்போது முழங்கால் வலி. ரவாங்கில் மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். சாயங்காலமானால் போன் வரும். நான் சேற்றோரம் போய் நின்றுகொண்டு பேசுவேன்.

“நல்லா இருக்கீங்களா அங்கிள்?”

“அதெல்லாம் அப்புறம் லா. ஹேண்ட்போன அந்தப் பக்கம் திருப்புங்க.”

திருப்பிப் பிடிக்கிறேன். நாரைகள் கத்துகின்றன. கொசு பிடுங்குகிறது, கை கடுக்கிறது. ஆனாலும் அந்த மனிதர் ஆசை தீரக் கேட்டு முடிக்கும்வரை கையை இறக்க எனக்கு மனசு வருவதில்லை.