தாபோலே அண்ணன் பிரேக் பிரித்த கதை

நெகிரி செம்பிலானில் எத்தனையோ மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன் அதைக் கொண்டுவந்த ஆளைப் பிரித்துப் போட்டுவிடுகிற மெக்கானிக் தாபோலே அண்ணன் ஒருவர்தான். அவருடைய அடையாளக் கார்டில் என்ன பெயர் இருக்கிறதென்று அம்பாங்கானில் அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முதலில் ‘தாக் போலே’ என்பார். மலாய் மொழியில் முடியாது என்று அர்த்தம். அதுவே பெயராகிவிட்டது.

முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் பரவாயில்லை. போக மாட்டார். ஒருமுறை ஒரு வாத்தியார் துணி துவைக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். அண்ணன் மெஷினைப் பார்க்கவில்லை, வாத்தியாரையே ஐந்து நிமிஷம் பார்த்தார். “இத்தன வருஷம் இது உங்க கிட்டயா இருந்துச்சி? பாவம் லா அது” என்றார். மாதா கோயில் பாதிரியார் ஆம்ப்ளிஃபயர் சூடாகிறதென்று கொண்டுபோனபோது, “பிரசங்கத்த கொறைங்க ஃபாதர், தன்னால சரியாவும்” என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். பாதிரியார் சிரித்தார். அவருக்கு வேறு வழியில்லை, ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டையும் அண்ணன்தான் சரி செய்தார். ஆனால் வாத்தியார் அதற்குப் பிறகு கையால்தான் துவைக்கிறார் என்று கேள்வி.

இப்படிப்பட்ட மனிதரிடம் நானாகப் போய் மாட்டிக்கொண்டேன் என்றால் என் நிலைமை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுங்கை காடுட்டைத் தாண்டி ஓர் எஸ்டேட்டில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது. துரை பங்களாவில் துரை இல்லை. அதைக் கல்யாணத்துக்கும் பிறந்த நாளுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். பங்களாவைச் சுற்றி இரண்டு ஏக்கருக்குப் புல். அதை வெட்ட ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல் மெஷின் ஒன்று. ஓட்டுபவன் முனியாண்டி. மெஷினுக்குப் பொறுப்பு நான்.

போன வருஷம் மழை ஒரு மாதம் விடாமல் பெய்தது. தரை சேறானதால் மெஷின் கொட்டகையிலேயே நின்றது. மழை விட்டபோது புல் முழங்கால் உயரம். சனிக்கிழமை பங்களாவில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். திங்கட்கிழமை முனியாண்டி ஏறி உட்கார்ந்து, பார்க்கிங் பிரேக்கை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் அலறியது, பெல்ட் புகைந்தது, வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. நான்கு பேர் சேர்ந்து தள்ளினோம். பின்சக்கரங்கள் உருளாமல் தரையைப் பிறாண்டிக்கொண்டு வந்தன.

எங்கள் மேனேஜர் தேவி மேடம் சிரம்பானிலிருந்து வருகிற சின்ன வயசுப் பெண். அவர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்:

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலைனா புல்லு வேலைய வெளிய காண்ட்ராக்ட் குடுத்துருவேன். அது ஒரு பக்கம். நல்லா இருந்த மெஷின யாரு கெடுத்தாங்கன்னு எனக்குத் தெரியணும். கெடுத்தவங்க வீட்டுக்குப் போகலாம்.”

எஸ்டேட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியும். வேலை போனால் போவதற்கு வீடே இருக்காது. வீடு கம்பெனியுடையது. நான் பதினெட்டு வருஷமாக இருக்கிற வீடும் அப்படித்தான். முனியாண்டி என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தேன். ஓட்டுகிறவன் அவன், கெடுத்தவனும் அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மெஷின் விற்ற கடைக்காரர் இரண்டு வாரம் ஆகும் என்றார். தாபோலே அண்ணனுக்கு போன் போட்டேன்.

“அண்ணே, புல்லு மெஷின் நவர மாட்டேங்குது.”

“தாக் போலே.”

“அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்கண்ணே.”

“கிராணி, நீங்க பேனாவுக்கு மூடி போட்டாவே அது ஒடஞ்சிரும். ஒங்க கையில மெஷின குடுத்தது எந்த புத்திசாலி?”

வியாழக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சாமான்கள் ஒரு பால்மாவு டின்னில். கக்கத்தில் ஒரு பழைய தமிழ்ப் பேப்பர். வந்தவர் மெஷின் பக்கமே போகவில்லை. தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள். அரைமணி கழித்து எழுந்து, கியரை நியூட்ரலில் போட்டு, காலால் சக்கரத்தை ஓர் உதை விட்டார். அசையவில்லை.

“கியர்பாக்ஸ் நல்லா இருக்கு. பிரேக்கு புடிச்சிக்கிட்டு வுட மாட்டேங்குது. ஒங்க ஆபீஸ்ல நாற்காலிய புடிச்சிக்கிட்டு ஒருத்தர் இருக்காரே, அந்த மாதிரி.”

அது நான்தான். முனியாண்டிக்குச் சிரிப்பு வந்தது, மேடம் நினைப்பு வந்ததும் அடக்கிக்கொண்டான்.

பிளக் வயரைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வலது பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு சாசர் அளவுக்கு இரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் கட்டைகள் கவ்விப் பிடிக்கும். அதுதான் பிரேக்காம். பெடலிலிருந்து வருகிற கம்பியையும் ஸ்பிரிங்கையும் கழற்றினார். அப்புறம் பேப்பரை விரித்தார். விரித்தது கண்ணீர் அஞ்சலிப் பக்கம். ஒவ்வொரு நட்டையும் ஒவ்வொரு படத்தின் மேல் வைத்தார்.

“ஏண்ணே, வேற பக்கம் இல்லையா?”

“மத்த பக்கத்துல எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கு, எல்லாம் மந்திரிங்க. இங்கதான் ஆளுக்கு ஒரு மொகம். நீளமான போல்ட் ரெண்டும் மீசைக்காரரு மேல. ஸ்பிரிங்கு மூக்குக் கண்ணாடி போட்ட அம்மா மேல. மறந்துராதீங்க, கேப்பேன்.”

கேட்கவும் செய்தார். நான் தப்பாகச் சொன்னேன். செத்தவர்களைக்கூட ஞாபகம் வைக்கத் தெரியாதவன் என்று ஒரு பாட்டு விழுந்தது. டார்ச் லைட்டை என் கையில் கொடுத்திருந்தார். ஐம்பத்து நான்கு வயசில் லைட் பிடிக்கத் தெரியவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொல்லப்பட்டது.

மீசைக்காரரின் போல்ட்டுகள் வெளியே வந்தும் பிரேக் கட்டை தட்டை விடவில்லை. ரப்பர் சுத்தியலால் மெதுவாகச் சுற்றிலும் தட்டினார். பத்து நிமிஷம் கழித்து ‘டக்’கென்று கையோடு வந்தது. தட்டு முழுக்கத் துரு. துருவுக்கு மேலே மஞ்சளாக, சிவப்பாக, அப்பளம் மாதிரி காய்ந்த ஏதோ ஒன்று. அண்ணன் நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

“கிராணி, இந்த வண்டிக்கு நலுங்கு வெச்சது யாரு?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லைட் கூரைக்குப் போனது.

ஆயுத பூஜை. அன்று முனியாண்டி லீவு, மேடம் சிரம்பானில். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த கையோடு கொட்டகைக்குப் போனேன். மெஷின் மேல் தண்ணீர் பம்பு அடிக்கக்கூடாது, முனியாண்டியைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று மேடம் எழுதி ஒட்டியிருந்த பேப்பரை ஓரமாக நகர்த்திவிட்டு, பம்பால் மூலை முடுக்கெல்லாம் அடித்தேன். நல்ல நேரம் வருவதற்குள் வண்டி உருண்டு, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தில் ஏறிவிடக்கூடாதென்று பார்க்கிங் பிரேக்கை இழுத்துப் பூட்டினேன். சக்கரத்துக்குப் பின்னால் பளபளவென்று ஒரு தட்டு தெரிந்தது. அதுதான் முக்கியமான உறுப்பு என்று எனக்குப் பட்டது. சந்தனத்தைக் குழைத்து விரல் போகிற இடமெல்லாம் அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். அந்த ஒரு மாத மழை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. பிரேக்கை எடுத்துவிட மறந்து வீட்டுக்கு ஓடினேன். மெஷினைக் கெடுத்தவன் என்று நான் நான்கு நாளாக முனியாண்டியை முறைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, எச்சில் துப்பி, தட்டை அழுத்தித் துடைத்தார். மேடம் உள்ளே வருவதற்குள் மஞ்சளும் சிவப்பும் துண்டுக்குப் போய், துண்டு டின்னுக்குள் போய்விட்டது. தட்டில் துரு மட்டும் இருந்தது.

“என்ன ஆச்சி அங்கிள்? யாரு பண்ணது?”

முனியாண்டி சுவரோடு ஒட்டி நின்றான். போன மாதம்தான் அவனுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

“மேடம், அது வந்து...”

“கிராணி, லைட்ட ஆட்டாதீங்க” என்றார் அண்ணன். “பேசாம புடிங்க. பேசுனா ஆடுது.” பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார். “துரு, மேடம். பிரேக்க போட்டு மழையில நின்னா எந்த வண்டிக்கும் இப்படித்தான் ஒட்டிக்கும்.”

“பிரேக்க போட்டு வெச்சது யாரு?”

“நிறுத்துன வண்டிக்கு பிரேக்கு போடணும்னு மெஷின் புக்குலயே இருக்கு. மேல பாருங்க.” சுத்தியலால் கூரையைக் காட்டினார். தகரத்தில் நான்கு ஓட்டை, நேராக மெஷினுக்கு மேலே. “ஒழுவுற கொட்டாயில மெஷின் வெக்கச் சொல்லி எந்த புக்குல இருக்கு? அந்த ஆள கண்டுபுடிச்சி வீட்டுக்கு அனுப்புங்க.”

கூரை மேனேஜர் பொறுப்பு. மேடம் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் அவரிடம் விசிட்டிங் கார்டு இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டார். தன் வேலை பிடித்துப்போய்க் கேட்கிறார் என்று நினைத்து மேடம் ஒன்றை எடுத்து நீட்டினார். அண்ணன் அதை வாங்கி, சரி பாதியாகக் கிழித்து ஒரு பாதியைக் கீழே போட்டார்.

தட்டைச் சொரசொரப்புக் காகிதத்தால் தேய்த்தார். கட்டையைத் தள்ளுகிற இரண்டு சின்ன ஊசிகளையும் துடைத்து, தீக்குச்சி முனை அளவுக்குக் கிரீஸ் வைத்தார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, கட்டைக்கும் தட்டுக்கும் நடுவில் மிச்சப் பாதிக் கார்டைச் செருகி, அது உரசிக்கொண்டு வெளியே வருகிற அளவுக்கு நட்டை முடுக்கினார். “இந்த கனம்தான் கேப்பு. நல்ல கார்டு மேடம், இதுக்காவது ஒதவுச்சி” என்றார்.

முனியாண்டி ஏறி உட்கார்ந்தான். வண்டி நகர்ந்தது. பெடலை மிதித்தான், நின்றது. விட்டான், ஓடியது. அன்று மாலைக்குள் பாதிப் புல்லும் மறுநாள் மீதியும் முடிந்தது. கல்யாணம் நடந்தது. மேடம் அடுத்த வாரமே கூரைக்கு ஆள் அனுப்பினார். கெடுத்தது யார் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அண்ணன் கிளம்பும்போது மோட்டார் சைக்கிள் வரைக்கும் கூடப் போனேன்.

“ஏண்ணே என்னைக் காட்டிக் குடுக்கல?”

“ஒங்கள அனுப்பிச்சா புதுசா ஒரு கிராணி வருவான். அவன மொதல்ல இருந்து திட்டணும். எனக்கு வயசாயிருச்சி லா.” வண்டியை உதைத்தார். “அடுத்த வருஷம் ஒரு பொட்டு போதும். முன்னால. இன்னிக்கே போய் அந்த பையன் கிட்ட மன்னிப்பு கேளுங்க.”

கேட்டேன். முனியாண்டி ஒரு நாள் முழுக்கச் சிரித்தான். தேவி மேடம் இப்போது வேறு எஸ்டேட்டில் இருக்கிறார், தமிழ்ப் பத்திரிகை படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் தாபோலே அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார். மின்விசிறி ஆடுகிறது என்றார். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றார். சாம்பாருக்குத் தாக் போலே என்றார், மூன்று முறை வாங்கிப் போட்டுக்கொண்டு. அவர் போனதும் என் மனைவி கதவைச் சாத்தியபடி கேட்டாள்.

“வந்தா போனா திட்டிக்கிட்டே இருக்காரு. இந்த மனுஷன எதுக்குங்க மாசா மாசம் கூப்புடுறீங்க?”

நடந்த எதையும் நான் அவளிடம் சொன்னதில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்தேன். அந்தக் கதவு, அந்த விசிறி, உள்ளே தூங்குகிற பிள்ளைகள்.

“திட்டட்டும்” என்றேன். “திட்டுறதுக்கு நாம இன்னும் இதே வீட்டுல இருக்கோமே.”