மன்னிப்புக் கேட்கப் போன வாத்தியார்

அமராவதிபுதூர்,
11-8-68.

மதிப்பிற்குரிய அத்தான் மெய்யநாதன் அவர்களுக்கு, கருத்தையா பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் மூட்டுவலியும் அக்காளின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. பதினெட்டு ஆண்டு வாத்தியார் வேலை பார்த்தது போதும். ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். உங்கள் வலையபட்டி ரைஸ் மில்லில் எனக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வைக்கவும். காரணம் இதுதான். புதன்கிழமை ஏழாம் வகுப்பில் தொட்டிக் கணக்குப் போட்டேன். ஒரு குழாய் தொட்டியை இருபது மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று முப்பது மணி நேரத்தில், இரண்டையும் திறந்தால்? வழக்கம்போல இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, இருபத்தைந்து என்று எழுதினேன். ஆசியா பீவி எழுந்து, "ஒத்தக் குழாயே இருபது மணி நேரத்துல நெறச்சிரும், ரெண்டையும் தொறந்தா எப்படி சார் கூட ஆகும்? பன்னெண்டுதான் சார்" என்றாள். அதிகப்பிரசங்கி என்று திட்டி வெளியே நிற்க வைத்தேன். மத்தியானம் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் பன்னிரண்டேதான் வருது. பதினெட்டு வருஷமா ஒரு பிள்ளைகூட இதைக் கேக்கலை அத்தான். வகுப்பு கப்சிப்பென்று இருந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எல்லாம் என் பிரம்புக்குப் பயந்து இருந்திருக்குதுக.

சாயங்காலமே மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். என் தலையைப் பார்த்ததும் அவள் வாப்பா மீரான் சாகிபு, "ஆசியா! என்ன செஞ்சு தொலச்சே?" என்று சத்தம் போட்டார். தப்பு என்னுது என்றேன். "சாருக்குப் பெரிய மனசு. அவளுக்காகப் பரிஞ்சு பேசாதீக" என்றார். இல்லை, என் கணக்குதான் தப்பு என்றேன். "பாத்தியா, உன்னால சாருக்குக் கணக்கே தப்பிப்போச்சு!" என்று அதற்கும் அவளையே ஏசினார். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனேன், அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். அவரைப் பார்த்ததும் தாயார் சுபைதா அழ ஆரம்பித்துவிட்டார். "வாத்தியாரையே வீடு தேடி வந்து மன்னிப்புக் கேக்க வச்ச பொண்ணு இனிப் படிக்க வேணாம். வீட்டுல கெடக்கட்டும்" என்று முடித்துவிட்டார் சாகிபு. அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தது. நல்லாப் படிக்கிற பிள்ளையின் படிப்பைக் கெடுத்தவன் இனிச் சாக்பீஸைத் தொடக் கூடாது.

அக்காளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. கணக்கு மட்டும் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.

தங்கள் அன்புள்ள,
கருத்தையா

பி.கு.: இன்று திங்கட்கிழமை. இதைத் தபாலில் போடப் போகும்போது மீரான் சாகிபு எதிரே வந்தார். பொறுக்க முடியாமல், "எங்கே உங்க பொண்ணு? யாரைக் கேட்டு நிறுத்துனீக? ஒடனே கூட்டிட்டு வாங்க!" என்று அதட்டிவிட்டேன். மனுசன் முகம் மலர்ந்துபோச்சு. "இப்பத்தான் சார் மாதிரிப் பேசுறீக. இந்தா கூட்டியாறேன்" என்று ஓடினார். முதல் மணி அடிக்கும்போது ஆசியா முன் பெஞ்சில் இருந்தாள். பலகையில் பன்னிரண்டு என்று எழுதி, இத்தனை நாள் நான் சொன்னது தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். உடனே கோட்டைச்சாமி எழுந்து, "அப்ப ரயில் கணக்கும் தப்பு சார்" என்றான். அவனுக்குப் பின்னால் ஆறு பேர் கை தூக்கி நின்றார்கள். என் வகுப்பில் இத்தனை கையை நான் பார்த்ததே இல்லை அத்தான். மில் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.