எனக்குத் துப்பாக்கி கிடைக்காமல் செய்த ஒத்தைக்குழலார்

எங்கள் பக்கத்துக் காட்டுப்பன்றிகளெல்லாம் ஒன்றுகூடி ஒரு மனிதருக்கு மாலை போட நினைத்தால், அதை ஒத்தைக்குழலாருக்குத்தான் போடும். வேறு யாருக்கும் அந்தத் தகுதி கிடையாது.

பாலக்காட்டு எலப்புள்ளிப் பக்கத்தில் எங்கள் வார்டில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த ஒரே ஆள் அவர். ஒற்றைக் குழல் துப்பாக்கி, அதனால் அந்தப் பேர். பயிரை அழிக்கும் பன்றியைப் பஞ்சாயத்து எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ்காரர் சுடலாம் என்று உத்தரவு வந்த பிறகு, எங்களுக்கு முருகனுக்கு அடுத்த நம்பிக்கை அவர்தான். அந்த நம்பிக்கை போன போக்கை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பார். கூட்டம் இருந்தால் ஏறமாட்டார். "ஆரோட கையாச்சும் படுமுங்க" என்பார். அடுத்த பஸ்ஸும் கூட்டம், அதற்கடுத்ததும் கூட்டம். ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்கப் புறப்பட்டவர் நடந்தே பாலக்காடு போய்ச் சேர்ந்தார். போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் பூட்டியிருந்தது. நடந்தே திரும்பி வந்தார்.

என் கடலைக்காட்டுக்கு அவரைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டி வந்தேன். விடிகிற நேரம். எட்டுப் பன்றிகள், குட்டிகளோடு, பத்திரம் பதிந்து வாங்கிய நிலம்போல உழுதுகொண்டிருந்தன. நான் மூச்சை அடக்கிக்கொண்டு, சுடுங்க என்று சைகை காட்டினேன். அவர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து மூன்று தரம் ஊதினார். பிறகு ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"சுடப் போறனுங்க. செடிக்குள்ள மனுசங்க ஆராச்சும் இருந்தா சத்தம் குடுங்க. மெதுவா எந்திரிச்சு வாங்க, அவசரமில்லீங்க."

பன்றிகள் அவர் சொன்னபடியே அவசரமில்லாமல் போயின.

"ஏனுங்க, பன்னிக்கு எதுக்குங்க விசிலு?" என்றேன்.

"பன்னிக்கு இல்லீங்க, மனுசனுக்கு."

"கடலைச்செடி முழங்கால் உசரம்கூட இல்லீங்களே. இதுக்குள்ள எந்த மனுசன் இருப்பான்?"

"குந்தீட்டு இருக்கலாமுங்களே. விடியக்காலம் பாருங்க."

இப்படியே எல்லார் காட்டிலும் விசில் ஊதினார். ஒரு பன்றியின் வால் முடிகூட உதிரவில்லை. பிறகுதான், இவரை நம்பிப் பயனில்லை என்று நானே லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன். என்னைப் பார்த்து இன்னும் பலர் எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் கிராமசபை கூடியது. விவசாயிகள் எல்லாருக்கும் துப்பாக்கிக்குச் சிபாரிசு செய்ய வேண்டும், வெளியே எடுத்துப் போகவும் கெடுபிடி கூடாது என்று தீர்மானம். பட்டியலில் முதல் பேர் என்னுடையது.

மெம்பர் வாசித்து முடித்து, "எதிர்ப்பு உண்டுங்களா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

ஒத்தைக்குழலார் எழுந்தார். "உண்டுங்க. ஆருக்கும் குடுக்கப்படாது."

"உங்ககிட்ட மட்டும் இருக்கலாமுங்களா?" என்று நான் கத்தினேன்.

"எனக்குக் குடுத்ததே தப்புங்க. எங்கப்பன் வெச்சிருந்தாரு, எம் பேருக்கு மாத்தீட்டாங்க. பொட்டி பூட்டு சரியா இருக்குதான்னு வந்து பார்த்தாங்க. பூட்டா சுடுது? ஊட்டுக்காரிகிட்டக் கேக்கோணுமுங்க. உங்க ஊட்டுக்காரருக்குக் கோவம் வந்தா என்னத்தை எடுத்து வீசுவாருன்னு. அந்த ஒரு கேள்வி போதும்."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "கேளுங்க. எங்க ஊட்டுலயே கேளுங்க. நான் செவ்வாக்கிழமை தவறாம விரதம் இருக்கறவன்."

என் மனைவி பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பொய் வராது. எழுந்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சொம்புங்க" என்றாள்.

சபை சிரித்தது. அவள் உட்காரவில்லை.

"ஒருக்கா டார்ச் லைட்டுங்க. ஒருக்கா இட்லிப்பானை மூடி. மேல படலீங்க." கொஞ்சம் யோசித்து, "விரதத்தன்னைக்குத்தானுங்க சாஸ்தி" என்றாள்.

சிரிப்பில் பெஞ்சு ஒன்று சாய்ந்தது. என் மனுவைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். வாசலில் அவரை மறித்தேன்.

"பன்னிககிட்டக் கைக்கூலி வாங்கீட்டீங்களா? எங்கடலை போச்சு, எம் மானமும் போச்சு."

"கோவிச்சுக்காதீங்க. உங்க கையில சொம்பே சாஸ்திங்க."

அதோடு பேச்சை முறித்தேன். கோயிலில் அவர் நின்றால், அவர் போகும்வரை நான் பிரகாரம் சுற்றினேன். சில செவ்வாய்க்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு சுற்று ஆனது. ஒவ்வொரு சுற்றுக்கும் அவரைத் திட்டினேன். சாமி மன்னிக்கட்டும்.

அந்த மாதமே என் தம்பி, டிராக்டர் திரும்ப இடமில்லை என்று எங்கள் பொது வரப்பை நான்கு அடி வெட்டிவிட்டான். கேட்கப் போனேன். வேலையாட்கள் முன்னால் சொன்னான்: "பன்னி உழுதாச் சும்மா இருக்கற. நான் உழுதா மட்டும் வந்துட்டயாண்ணா?"

வீட்டுக்கு ஓடினேன். லைசென்ஸ் எப்படியும் வந்துவிடும் என்று, எழுதிப் போட்ட அன்றைக்கே சாமி அறைக்குப் பக்கத்துச் சுவரில் துப்பாக்கி மாட்ட இரண்டு பெரிய ஆணிகள் அடித்து வைத்திருந்தேன். கை நேரே அங்கேதான் போனது. நான் யோசிக்கவே இல்லை, கையே போனது. தொங்கியதைப் பிடுங்கிக்கொண்டு தம்பியை நோக்கி ஓடினேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஏண்ணா, குளிக்கப் போறயா?"

என் கையில் ஈரத்துண்டு. மனைவி காயப் போட்டிருந்தது. வேலையாட்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். நான் அவன் வெட்டிய வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அண்ணனுக்குத் தண்ணி கொண்டாங்கடா" என்று அவன்தான் ஓடினான்.

அன்றைக்கே ஆணிகளைப் பிடுங்கினேன். ஒத்தைக்குழலார் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "பெரிய துண்டுங்களா, சின்னதுங்களா?" என்றார்.

அவர் காலமாகிவிட்டார். அவர் மகள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டாள். பன்றிகள் குறையவில்லை. என் கடலை இந்தப் பட்டமும் பாதிதான். டீக்கடையில் இன்றும் அதே பேச்சு: ஆளுக்கொரு துப்பாக்கி கொடு, கெடுபிடியைத் தளர்த்து. எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. வேலி போடவும், நாசமானதற்கு ஈடு தரவும் யாரையும் கேட்க மாட்டார்கள். கோபக்காரன் கையில் தோட்டாவைக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். "முதல்ல ஊட்டுக்காரிகிட்டக் கேளுங்கடா" என்று நான் மேசையைத் தட்டுகிறேன். "பன்னிக்கு அடுத்த வக்கீல் வந்துட்டாரு" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒருவனும் வீட்டில் போய்க் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அர்ச்சனைக்குத் தம்பி பேரைச் சொன்னேன், பிறகு ஒத்தைக்குழலார் பேரையும் சொன்னேன். பூசாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அது பட்டப்பேருங்களே. போனவருக்கு அர்ச்சனையும் பண்றதில்லீங்க. நட்சத்திரமாச்சும் தெரியுங்களா?"

"தெரியாதுங்க," என்றேன். "நீங்க சொல்லுங்க, சாமிக்கு ஆளைத் தெரியும்."