நீளக் காருக்கு ஏழு திருத்தங்கள்

கிளப் தலைவரின் காரில் கடிகாரம் இருந்தது. புரூஃப்காரரின் காரில் அந்த இடத்தில் ஒரு வெறும் தகடுதான் இருந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம், பின்பக்கம் அலமாரி போல நீண்டிருக்கும் ஒரே ரக ஸ்டேஷன் வேகன். புரூஃப்காரர் பூதக்கண்ணாடியும் கையுமாக, போன கண்காட்சியில் தலைவரின் காரைச் சுற்றிச் சுற்றி எடுத்த பதினெட்டுப் போட்டோக்களையும், ஷெட்டில் நின்ற தன் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. இடது பக்கம் மூலப் பிரதி, வலது பக்கம் அச்சான தாள். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே சிவப்பு மையில் ஒரு கோடு. தப்பு எப்போதும் வலது பக்கத்தில்தான் இருக்கும். அப்படி நம்புவதற்குத்தான் சம்பளமே கொடுக்கிறார்கள். ஆகவே தலைவரின் போட்டோக்களை இடது பக்கம் அடுக்கினார். வலது பக்கம் தன் கார். அரை மணி நேரத்தில் ஏழு பிழைகள் மாட்டின.

கடிகாரம் இல்லை. சீட்டு சிவப்பாக இல்லாமல் சாம்பல் துணியில் இருக்கிறது. கூரை வெண்ணெய் நிறத்தில் இல்லாமல் உடம்பைப் போலவே பச்சையாக இருக்கிறது. சக்கரத்தின் நடுவட்டமும் அப்படியே. ஸ்டியரிங் வெள்ளையாக இருக்க வேண்டும், கறுப்பாக இருக்கிறது. முன்விளக்கில் மஞ்சள் கண்ணாடி இல்லை. பம்பரில் இரண்டு கொம்புகள் இல்லை.

"ஏழு தப்போட பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்று புரூஃப்காரர் காரைப் பார்த்து முணுமுணுத்தார். வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த மனைவி, தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அவளுக்கும் காருக்கும் ஏற்கெனவே தகராறு. அவள் வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறாள். ஆறு மெஷின்கள், பதினொரு மாணவிகள், எல்லாம் ஒரே கூடத்தில். ஒருத்தி மிதித்தால் இன்னொருத்தியின் முழங்கால் இடிக்கும். இரண்டு வருஷமாக ஷெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவள், போன வாரம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"உங்க கிளப்பு இதை அசல்னு ஒத்துக்கிட்டா வண்டி உள்ள இருக்கட்டும், நான் வாயே திறக்கல. ஒத்துக்கலன்னா அடுத்த நாளே வண்டி வெளிய, மெஷின் உள்ள. சரியா?"

சரி என்று தலையாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைவரே நேரில் வந்து பார்ப்பதாகக் கடிதமும் வந்துவிட்டது. இன்று திங்கள்.

பழைய கார் கிளப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இந்தப் பதற்றம் புரியாது. அங்கே மனிதர்களின் மதிப்பு அவர்களுடைய காரின் கூரையைப் பொறுத்தது. கூரையை மடக்கித் திறக்கிற கார் வைத்திருப்பவர்கள் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவார்கள். அடுத்த வரிசை இரண்டு கதவுக்காரர்களுக்கு. நாலு கதவு வைத்திருப்பவர்கள் கிடைத்த இடத்தில் நிற்பார்கள். கதவு கூடக் கூட மதிப்பு குறையும் என்ற விதி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. வீடு வாங்குகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஸ்டேஷன் வேகனுக்கு ஐந்து கதவு. மூட்டையும் கோழிக்கூடும் ஏற்றி அடித்தே எல்லா வேகன்களையும் ஜனங்கள் தீர்த்துவிட்டதால் இந்த ரகத்தில் ஊரில் இரண்டே இரண்டுதான் மிச்சம். அதில் ஒன்று தலைவரிடம் இருந்தது என்பதால் வேகனைக் கேலி செய்ய ஒருவருக்கும் தைரியமில்லை.

இதையெல்லாம் தாண்டி அசல் என்று ஒன்று உண்டு. கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடியே இருக்க வேண்டும். துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை, ஆனால் அந்தக் காரிலேயே பிடித்த துருவாக இருக்க வேண்டும். பளபளவென்று புதுசாகக் கொண்டுவந்து நிறுத்தினால் "மேக்கப்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எது அசல் என்பதற்குப் புத்தகம் எதுவும் கிடையாது. தலைவரின் வண்டியில் எப்படி இருக்கிறதோ அப்படி இருந்தால் அசல். தலைவர் ஓய்வுபெற்ற கண் டாக்டர். அவர் கண்ணுக்குத் தப்புவது எதுவுமில்லை என்று எல்லோரும் நம்பினார்கள்.

புரூஃப்காரர் இந்தக் காரை ஒரு பேக்கரிக்காரரின் விதவையிடம் வாங்கினார். "அவர் ஒரு திருகுகூட மாத்தினதில்ல தம்பி" என்று அந்த அம்மா சத்தியம் செய்தார். கார் விற்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் வசனம் என்று அப்போது மனதுக்குள் சிரித்தார். இப்போது ஏழு பிழைகளைப் பார்த்ததும் பேக்கரிக்காரர்மேல் கோபம் கோபமாக வந்தது. மனுஷன் அத்தனையையும் பிடுங்கி விற்றுவிட்டு ரொட்டி சுட்டிருக்கிறான்.

மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக்கிடம் எல்லா ஆபத்துக்கும் ஒரே பதில்தான் உண்டு.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல சார்."

செவ்வாய்க்கிழமை தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, உடைசல் கடையில் கிடைத்த ஒரு கடிகாரத்தைப் பொருத்தினார். கடிகாரம் ஓடியது. ஆனால் விளக்கைப் போட்டால் ஹாரன் அலறியது. ஹாரனை அழுத்தினால் கண்ணாடி துடைப்பான் ஆடியது. மெக்கானிக் டாஷ்போர்டுக்குள் தலையை விட்டு ஒரு மணி நேரம் துழாவியதில் துடைப்பான் நின்றது; ஹாரன் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் யார் விளக்கைப் போடச் சொல்லப்போகிறார்கள் என்று அவர் சமாதானம் சொன்னார். புரூஃப்காரருக்கும் அது நியாயமாகப் பட்டது.

சீட்டு விஷயத்தில் மனைவியிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. கார் தோற்றால் ஷெட்டு அவளுக்கு. அவளிடமே போய்க் காரை ஜெயிக்கவைக்கச் சொல்லி உதவி கேட்பதற்கு ஒரு தனி முகம் வேண்டும். புரூஃப்காரர் அந்த முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் சாம்பல் துணியைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு. இந்த மாதிரி நெசவு இப்ப தேடினாலும் கிடைக்காதுங்க."

"அது தப்பு. சிவப்புதான் சரி."

"யார் சொன்னா?"

"தலைவர் வண்டி சொல்லுது."

தைப்பது என்று வந்துவிட்டால் எதிரிக்குக்கூடக் கோணல் தையல் போட அவளுக்குக் கை வராது. புதன்கிழமை வகுப்புக்கே லீவு விட்டுவிட்டு, சிவப்பு ரெக்ஸினில் ஆறு உறைகள் தைத்துக் கொடுத்தாள். பார்த்தவர்கள் வாயடைத்துப்போகும் வேலை. பழைய சாம்பல் துணியைக் கிழித்து மெஷின் துடைக்க வைத்துக்கொண்டாள்.

ஆனால் உள்ளே திணித்த பஞ்சு கொஞ்சம் தாராளமாகிவிட்டது. சீட்டு நாலு விரல் உயர்ந்தது. ஓட்டுகிறவரின் தலை கூரையில் இடித்ததால் கும்பிட்டபடியே ஓட்ட வேண்டியிருந்தது. பின்சீட்டு முட்டிக்கொண்டு ஐந்தாவது கதவு மூட மறுத்தது. பெரிய விஷயமில்லை என்று மெக்கானிக் ஒரு உதை விட்டார். கதவு மூடிக்கொண்டது, அப்புறம் திறக்கவே இல்லை.

வியாழக்கிழமை வெள்ளை ஸ்டியரிங்கும் மஞ்சள் கண்ணாடியும் கொம்புகளும் உடைசல் கடையிலிருந்து வந்து ஏறின; கூரைக்கும் சக்கர நடுவட்டத்துக்கும் வெண்ணெய் நிறம் அடித்தார்கள். பெயிண்ட் பச்சையின்மேல் கோடு கோடாக வழிந்தது. அதைத் துடைக்கப் போனதில் பழைய பச்சையும் சேர்ந்து வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை உடம்பு முழுவதற்கும் புதிதாகப் பச்சை அடித்தார்கள். சனிக்கிழமை காலை புரூஃப்காரர் ஷெட்டைத் திறந்தார். ஐம்பது வருஷத்துக் கார், நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து இறங்கியது போல மின்னிக்கொண்டு நின்றது.

"மேக்கப்னு சொல்லிடுவாங்க" என்றார்.

"வயசாக்கணும், அவ்வளவுதானே? அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல சார்."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். சாம்பலைத் தூவித் துடைத்தார்கள். மங்கல் இன்னும் போதவில்லை என்று புரூஃப்காரர் சமையலறைக்கு ஓடி, அடுப்பிலிருந்த டீயைப் பாத்திரத்தோடு தூக்கிவந்து கூரைமேல் ஊற்றிப் பூசினார். நிறம் பிரமாதமாக வந்தது. நாற்பது வெயில், நாற்பது மழை பார்த்த மாதிரி ஒரு பழுப்பு. டீயில் மனைவி சர்க்கரை போட்டுவிட்டாள் என்பது ஞாயிற்றுக்கிழமை காலை, கூரையின்மேல் எறும்புகள் வரிசை கட்டியபோதுதான் தெரிந்தது.

தட்டிவிட நேரமில்லை. மணி பத்து. வாசலில் ஒரு சின்னப் புதுக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறக்க, தலைவர் இறங்கினார். கையில் நோட்டு, கழுத்தில் கேமரா, சட்டைப் பையில் அளவு நாடா. இவ்வளவு தயாராக அவர் யார் வீட்டுக்கும் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. ஷெட்டின் ஓரத்தில் மனைவி சாக்பீஸால் சுவரில் ஏதோ அடையாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மெஷின்களுக்கும் இடம் குறிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

தலைவர் ஷெட்டுக்குள் வந்தார். காரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு மெதுவாக ஒரு சுற்று வந்தார். சக்கரத்தைத் தொட்டார். பம்பரின் கொம்புகளை எண்ணினார், இரண்டுதான் என்றாலும் இரண்டு தரம். கூரையிலிருந்த எறும்புகளை வாயால் ஊதி ஒதுக்கி, அடியிலிருந்த பழுப்பை ஆராய்ந்தார். உள்ளே எட்டிப் பார்த்துச் சிவப்புச் சீட்டையும், வெள்ளை ஸ்டியரிங்கையும், கடிகாரத்தையும் பார்த்தார். நோட்டில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. முகத்தில் என்ன ஓடுகிறது என்று புரூஃப்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பின்கதவு?" என்றார் தலைவர்.

"திறக்காதுங்க" என்றார் புரூஃப்காரர், தீர்ந்தது கதை என்று நினைத்துக்கொண்டு.

"எங்களுதும் திறக்காது" என்றார் தலைவர். "விளக்கைப் போடுங்க."

புரூஃப்காரர் வேண்டாத தெய்வமில்லை. விளக்கைப் போட்டார். ஹாரன் தெருவையே எழுப்பும்படி அலறியது. மெக்கானிக் நைசாக ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுவும்கூட" என்றார். "அச்சு அசல் எங்க வண்டியேதான். ஒரு நூல் வித்தியாசமில்ல." ஓடிவந்து புரூஃப்காரரைக் கட்டிக்கொண்டார். சான்றிதழை அங்கேயே பானட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயாததால் காகிதம் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது ஒரு மூலை பச்சையாகியிருந்தது. அடுத்த கண்காட்சியில் இரண்டு வேகன்களும் அக்கம்பக்கமாக முன்வரிசையில் நிற்கும் என்றார். கூரை திறக்கிற கார்களுக்கும் முன்னால்.

மனைவி சாக்பீஸ் கோடுகளைக் கையால் அழித்துவிட்டுத் தலைவருக்குக் காபி கொண்டுவர உள்ளே போனாள். வாய் திறக்கவில்லை; சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அதைப் பார்த்த புரூஃப்காரர், பாதி ஷெட்டை அவளுக்கு விட்டுக்கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அவ்வளவு நீளக் காரை வைத்துக்கொண்டு பாதி ஷெட்டு என்று ஒன்று மிஞ்சாது. ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் காரில் ஒரு பிழைகூட இல்லை.

தலைவர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். புரூஃப்காரர் ஒரு டம்ளர் காபியை எடுத்துக்கொண்டு, தரையில் கால் பாவாமல் வாசலுக்கு வந்தார். கேட்டில் சாய்ந்து நின்ற டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் வாங்கிக்கொண்டே கேட்டார்.

"என்ன சார் பண்ணினீங்க? எங்க ஐயா இவ்வளவு சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. இனிமேயாவது நிம்மதியா தூங்குவாரு."

"ஏன், அவருக்கு என்ன கவலை?"

டிரைவர் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வண்டிக்கு அந்தச் சிவப்பு சீட்டு, கடிகாரம், கொம்பு எல்லாம் உடைசல் கடையில கையில கிடைச்சதைப் பொறுக்கி நான் மாட்டினது சார், உங்க வண்டி ஒரு திருகுகூட மாத்தாத அசல்னு கேள்விப்பட்டு, அதைப் பார்த்து எழுதிக்கிட்டுப் போய் எங்களதை ரகசியமா சரி பண்ணிடலாம்னுதான் இன்னிக்கு நோட்டோட வந்தாரு."