அடுப்படிக்கு ஒரு வாரிசு

எம்.டி. ஒரு புத்தகம் படித்து முடித்தால் அந்த வீட்டில் ஒரு சட்டம் பிறக்கும்.

எம்.டி. என்றதும் பெரிய முதலாளி என்று மிரண்டுவிட வேண்டாம். பம்பு செய்யும் தொழிற்சாலையில் உதிரி பாகக் கிடங்கின் சூப்பர்வைசர் அவர். நட்டும் போல்ட்டும்தான் அவர் பேச்சை எதிர்த்துப் பேசாமல் கேட்டன. ஆனால் வீட்டு அலமாரி முழுக்க நிர்வாகப் புத்தகங்கள். மேலாளராவது எப்படி, ஆனபின் மேலே போவது எப்படி, போனபின் விழாமல் இருப்பது எப்படி என்று வகைவகையாக வாங்கி அடுக்கியிருந்தார். கம்பெனிச் சட்டம் பற்றித் தலையணைத் தடிமனில் ஒன்று. அதை மட்டும் அவர் திறந்ததே இல்லை. வருகிறவர்கள் பயப்படட்டும் என்று முன்வரிசையில் நிறுத்தியிருந்தார். குடியிருப்பில் கேலியாக வைத்த 'எம்.டி.' என்ற பெயரைப் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்ட மனிதர்.

ஒருநாள் காலை, டீயை நீட்டிய கையோடு மனைவி விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"என்னங்க, எதிர்வீட்டு ஆடிட்டரம்மா அவங்க ஆபீஸுக்கு என்னைக் கூப்பிடறாங்க. கம்பெனிங்க வருஷாவருஷம் அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கற வேலை. போகட்டுமா?"

எம்.டி.க்குப் புரையேறியது.

மகள் வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து அவளுக்குப் பகல்பொழுது நகரவே இல்லை. வணிகவியலில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள், கல்யாணத்தோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்தாள். இந்த வேலைமீது எவ்வளவு ஆசை என்பது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அது எம்.டி.க்கும் தெரிந்தது. ஆனால் சுடச்சுட டீ, மடிப்புக் கலையாத சட்டை, நேரத்துக்குச் சாப்பாடு இதெல்லாம் என்னாவது? போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. முற்போக்கான மனிதர் என்று தன்னைப் பற்றித் தானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அலமாரியை ஒரு நோட்டம் விட்டார். வழி கிடைத்துவிட்டது.

"தாராளமாப் போ! நான் என்ன அந்தக் காலத்து ஆளா? ஆனா ஒண்ணு. ஒரு நிறுவனத்துல முக்கியமான ஆள் கிளம்பறதுக்கு முன்னாடி, அந்த இடத்துக்கு இன்னொருத்தரைத் தயார் பண்ணணும். வாரிசுத் திட்டம்னு பேரு. எல்லாப் புத்தகத்துலயும் போட்டிருக்கான்."

"வாரிசு தயாராயிட்டா போகலாமா?"

"அடுத்த நிமிஷமே போகலாம். வாக்குக் குடுக்கறேன்."

எம்.டி. மனசுக்குள் விசிலடித்தார். சமையலுக்கு ஆள் வைப்பது கட்டுப்படியாகாது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி கிளம்புகிறவள். வாரிசுக்கு எங்கே போவாள்? இரண்டில் ஒன்று போனால் மிச்சம் ஒன்று என்பது, தினமும் சரக்கு இருப்பைச் சரிபார்க்கிறவருக்கு ஏனோ உறைக்கவில்லை.

மனைவி சில நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் அலுத்துக்கொண்டாள்.

"வாரிசு தேடறதை விட்டுட்டேங்க. இது சொல்லிக் குடுத்து வர்ற வேலையா? எல்லாம் கண்ணளவு, கையளவு. புத்தகத்துக்குள்ள அடங்காது."

"அடங்காம எங்க போகும்? முறையாப் பிரிச்சுப் பாத்தா எந்த வேலையையும் யாரும் கத்துக்கலாம்."

"கிடங்கு வேலை வேணா அப்படி இருக்கும். அடுப்படி வேற. உங்களை மாதிரிப் படிச்சவங்களுக்கெல்லாம் அது பிடிபடாது."

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விட்டாள். அந்தப் பெருமூச்சுதான் மனிதரைக் கவிழ்த்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குள் புகுந்தார்.

முதலில் டப்பாக்களுக்கு எண் ஒட்டினார். அடிக்கடி எடுப்பது கைக்கெட்டும் தட்டில், எப்போதாவது எடுப்பது மேல்தட்டில். முதலில் வந்த வெங்காயம் முதலில் வெளியேற வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து பயபக்தியோடு தலையாட்டினாள். அன்று உருளைக்கிழங்கு கரிக்கட்டை ஆனது. எம்.டி. அசரவில்லை.

"தப்பு நடந்தா ஆளைத் திட்டக் கூடாது. ஏன், ஏன்னு அஞ்சு தடவை கேட்டா மூலகாரணம் தானா வெளிய வரும். ம், கேளு."

"ஏன் கருகிச்சு?"

"தீ ஜாஸ்தி."

"ஏன் குறைக்கல?"

"போன்ல பேசிட்டிருந்தேன்."

"ஏன் பேசினீங்க?"

"நான் சமைக்கறேன்னு ஃபோர்மேனுக்குச் சொல்ல வேண்டாமா?"

"அதை ஏன் அவர்கிட்ட சொல்லணும்?"

எம்.டி. தொண்டையைச் செருமினார். "நம்மளோடது சின்ன நிறுவனம். நாலு தடவை கேட்டாப் போதும்."

ஆனாலும் மனிதர் விடவில்லை. வாரங்கள் போகப் போகக் கை திருந்தியது. உப்பு அளவாக விழுந்தது. முட்டை உடையாமல் திரும்பியது. தரக்கட்டுப்பாடு என்று சொல்லிக்கொண்டு தன் சட்டைக்குத் தானே இஸ்திரியும் போட்டுக்கொண்டார். தொழிற்சாலையில் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஃபோர்மேன் கரண்டியோடு வந்து நின்றார். மனைவி இப்போது அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. கூடத்தில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ வாரப் பத்திரிகை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டரம்மாவைச் சாப்பிட அழைத்தாள். அந்த அம்மா ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"பிரமாதம்! யாரோட கைப்பக்குவம்?"

"என்னோடதுதான்!" எம்.டி. நெஞ்சை நிமிர்த்தினார்.

"சும்மா சொல்லாதீங்க சார். இவ கூடவே நின்னு சொல்லிக் குடுத்திருப்பா."

எம்.டி.க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வெங்காயம் உரிச்சதுலேர்ந்து பாத்திரம் கழுவினது வரை நான் ஒருத்தன்தான்! இவ இல்லாமலே இந்த அடுப்படி ஜாம்ஜாம்னு ஓடும்!"

ஆடிட்டரம்மா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்புறம் என்னம்மா? சாரே சொல்லிட்டார். நாளைக்கே வந்துடு."

எம்.டி.க்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது.

"இரு, இரு. எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல? முன்னறிவிப்புக் காலம்னு..."

"அன்னிக்கு டீ குடுக்கும்போதே அறிவிச்சுட்டேனேங்க."

"சரி, அந்த வேலைக்கு உனக்கு என்ன அனுபவம்?"

"கம்பெனிச் சட்டத்துல எந்தப் பிரிவைக் கேட்டாலும் தூக்கத்துல எழுப்பினாக்கூட சொல்றா சார்" என்றார் ஆடிட்டரம்மா. "உங்க வீட்டுப் புத்தகம்தானாமே?"

எம்.டி. அலமாரியைப் பார்த்தார். முன்வரிசையில் தலையணை அகலத்துக்கு ஓர் ஓட்டை.

மறுநாள் அவள் புதுக் கைப்பையோடு கிளம்பினாள். எம்.டி. வாசலில் நின்று சாப்பாட்டு டப்பாவை நீட்டினார். படியிறங்கும்போது அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடிக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

சாயங்காலம் வந்தவள் வாய் ஓயாமல் பேசினாள். ஒரு கம்பெனியின் அறிக்கையில் இயக்குநர் ஒருவரின் கையெழுத்தே இல்லாததை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாளாம். சொல்லும்போது கண்கள் மின்னின. தோற்றுப் போனதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் எம்.டி. படித்ததில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினார்.

"அப்போ இந்த அடுப்படிக்கு இனிமே நான்தான் மேனேஜர். நிரந்தரமா. சரிதானே?"

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அதுக்குள்ள எப்படிங்க? ஆறு மாசம் தகுதிகாண் பருவம். வேலை திருப்தியா இருந்தாப் பாக்கலாம்."